சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த ஈரம்

கூரை ஒழுகினால் சொட்டும் என்று நான் நம்பியிருந்தேன். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக, நோர்பரிப் பக்கத்துப் பெற்றோல் ஸ்டேசன் ஒன்றில் மனேஜர் லீவு எடுத்தால் மனேஜராகிற ஆளாக இருந்துகொண்டு இதை மனதார நம்பினேன். ஒழுக்கு என்றால் மேலேயிருந்து தண்ணீர் வரும், தலையில் விழும், கீழே ஒரு வாளி வைக்கலாம். லண்டனுக்கு வந்த புதிதில் ஸ்ட்ரெதத்தில் நாங்கள் ஏழு பேர் ஒன்றாகக் கிடந்த மேல்மாடி அறை அப்படித்தான் ஒழுகியது. சொட்டுக்குக் கீழே சோற்றுப் பானையை வைத்தோம். சத்தம் தாங்காமல் பானைக்குள் ஒருவருடைய சொக்ஸைப் போட்டோம். இந்த அனுபவத்தின் பலத்தில் கூரை விஷயத்தில் நான் தேர்ந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதனால் கேம்பர் வான் வாங்கப் போன அன்று, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. கூரை நல்ல கூரை என்று முடிவு செய்தேன்.

அது ஜூலை மாதம். அதற்கு முன் பன்னிரண்டு நாளாக லண்டனில் மழையே இல்லை.

வான் எதற்கு என்பதை முதலில் சொல்லவேண்டும். என் மனைவிக்கு ஒரே ஒரு அண்ணர், ஜெர்மனியில். அவர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருவரும் நேரில் காணவில்லை. எங்களுக்கு இங்கே அகதி வழக்குப் பேப்பர் இழுபட்டது. அவருடைய அகதிப் பாஸ்போட்டுக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. எல்லாம் போன் அட்டையில்தான். தமிழ்க் கடையில் அட்டை வாங்கி, சுரண்டி, ஒரு முழ நீளத்துக்கு இலக்கம் அமத்தி, "அண்ணா, சாப்பிட்டீங்களோ" என்று கேட்கும்போதே இன்னும் மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரி குறுக்கே வந்து சொல்வாள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வசந்தத்தில் எங்களுக்குப் பிரித்தானியப் பாஸ்போட் கிடைத்தது. அதே மாதம் அண்ணரின் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறியது. ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. மற்றக் கண்ணுக்குள்ளும் இரத்தக் குழாய் கசிகிறது, எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மச்சானும் என்னைப் போல ஒரு நக்கல்காரர். தங்கச்சிக்கு அந்தச் செய்தியை அவர் போனில் சொன்ன விதம் இதுதான்.

"ஒரு கடை பூட்டியாச்சு பிள்ளை. மற்றக் கடைக்கும் அரைவாசிச் சட்டர் இறக்கியாச்சு. கெதியா வந்தியெண்டால் உன்ரை முகத்தைப் பாப்பன். பிந்தினால் குரலோடை சமாளிக்க வேணும்."

அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது. பிறகு வந்து சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, விக்டோரியாவிலையிருந்து பஸ் இருக்காம். பள்ளிக்கூடம் விட்ட உடனை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போவம்."

காது ஒப்பரேசனுக்குப் பிறகு அவளுக்குப் பிளேன் ஏலாது. ஆகவே பஸ். விஷயம் அவ்வளவுதான். ஒரு மனிதன் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ரீவியைப் போட்டிருக்கலாம்.

நான் சொன்னேன், "பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு போறம். போய்ப் பஸ்ஸிலையோ இறங்கிறது?"

இதற்குப் பின்னால் இருந்த உண்மையான காரணம் வேறு. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் ஸ்டேசனுக்குக் கேம்பர் வான்கள் வரும். பின்னால் சைக்கிள், யன்னலில் ஒரு நாய். தகப்பன் அரைக்காற்சட்டையோடு இறங்கி டீசல் அடிப்பான். தாய் உள்ளே இருந்தபடியே தேத்தண்ணீர் போடுவாள். காசு கட்ட வருகிறவனிடம் நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, "பம்ப் நம்பர் ஃபோர்?" என்று கேட்பேன். ஏழு வருடம் அப்படிக் கேட்டவனுக்கு, ஒரு நாளாவது தானே நம்பர் ஃபோராக நிற்கவேண்டும் என்று ஒரு அவா. மச்சானின் கண் அதற்கு எனக்கு வாய்த்த சாட்டு. அப்போது இதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மனைவிக்குச் சொன்னது வேறு.

"அவையின்ரை வீடு ஒரு அறை. நாங்கள் நாலு பேரும் எங்கை படுக்கிறது? வானிலை போனால் அவையின்ரை வாசலிலையே எங்கடை வீடு நிக்கும்."

"அண்ணாவைப் பாக்கப் போறமோ, வானைக் காட்டப் போறமோ?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். மழுப்புவதில் எனக்கு நல்ல கை.

ஷிப்டில் என்னோடு நின்ற ஒருவர் மூலம் ஈஸ்ட் ஹாமில் ஒரு வான் இருப்பதாகத் தெரிந்தது. விற்பவர் பத்துப் பன்னிரண்டு வருடம் ஹொலண்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். எல்லோரும் அவரை ஹொலண்ட் அண்ணை என்றார்கள். வரும்போது கேம்பர் வானையும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஈஸ்ட் ஹாம் தெருவில் அதை நிறுத்த இடமில்லை, ஆகவே விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கும். லண்டனில் சூரியன் எத்தனை மணிக்கு எழும்பினாலும் எங்கள் ராகு யாழ்ப்பாண மணிக்கூட்டைத்தான் பார்ப்பார். அதற்கு முன் வாங்கிவிடவேண்டும் என்று, மத்தியானம் மீன்குழம்புச் சோற்றை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம். ஞாயிறு என்பதால் ரயில் பாதையில் வேலை, பாதித் தூரம் மாற்று பஸ். ஈஸ்ட் ஹாமில் இறங்கியபோது நாலு மணி. ஒரு வீட்டைப் போன்ற சாமானைப் பார்த்து, யோசித்து, வாங்க எங்களுக்கு மிஞ்சியது அரை மணித்தியாலம்.

வான் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. வெள்ளை நிறம், பக்கத்தில் மண்ணிறக் கோடு, இடது பக்கத்தில் ஸ்டியரிங். ஹொலண்ட் அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெற்றியில் திருநீறு. கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ தங்கச்சி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. உள்ளுக்கை சாமிப் படம் இருக்கு."

அந்த ஒரு வசனத்தில் நான் விழுந்தேன். வானுக்குள்ளேயும் சப்பாத்துப் போடாத மனிதன் பொய் சொல்லுவானா? கழற்றிய சப்பாத்தோடு புத்தியையும் ரோட்டில் விட்டுவிட்டு ஏறினேன்.

உள்ளே பின்பக்கம் கட்டில். கட்டிலுக்கு மேலே, கூரையும் பின்சுவரும் சேரும் மூலையில், ஒரு கை அகலத்துக்குப் பெரிய முருகன் படம். பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு பல்ப். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கும் அளவுக்கு நின்றது. கை தானாகக் குவிந்தது. பின்பக்கம் போகப் போகக் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் அமிழ்ந்து எழும்பியது.

"பாரும், தரை எவ்வளவு மெத்தெண்டு இருக்கு," என்று மனைவியிடம் சொன்னேன். "வெளிநாட்டுச் சாமான் எண்டால் சாமான்தான்." நாங்கள் நின்றதே வெளிநாடு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அவள் புடவைக் கடையில் துணி பார்ப்பதுபோல் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். பின்யன்னலுக்குக் கீழே கை நின்றது.

"இதிலை சுவர்க் கடதாசி சுருங்கியிருக்கு."

"அது டிசைன் தங்கச்சி," என்றார் ஹொலண்ட் அண்ணை.

"டிசைன் எண்டுறாரெல்லே," என்றேன் நான். ஒரு வான் முழுக்கச் சுவர் இருக்க, ஒரு மூலையில் மட்டும் அலை அலையாகச் சுருங்குகிற டிசைன்.

அவள் என் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தணித்தாள். "சாம்பிராணிக்குள்ளாலை வேறை ஒரு மணம் வருது. நனைஞ்ச சாக்கு மணம்."

"சாமி இருக்கிற இடத்திலை சாக்கு கீக்கு எண்டு கதையாதையும்."

அவள் முருகனை அண்ணாந்து பார்த்தாள். படத்தின் ஓரமாகச் சுவரில் ஒரு மஞ்சள் கறை அரை விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் படத்தைத் தூக்கவேண்டும். அவள் கையை உயர்த்தினாள். உயர்த்திய கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்துவிட்டுக் கீழே இறக்கினாள். மத்தியானம் மீன் சாப்பிட்ட கை. அந்தக் கையால் சாமிப் படத்தைத் தொட அவளுக்கு ஏலாது. எனக்கும் ஏலாது. ஹொலண்ட் அண்ணைக்கு அதைத் தூக்கிக் காட்டத் தேவையில்லை.

நான் செய்த பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். டயரை உதைத்தேன். எஞ்சினைப் போட்டுக் கேட்டேன். காஸ் அடுப்பை மூட்டி அணைத்தேன். கட்டிலில் மல்லாந்து படுத்து, சொட்டு விழுகிறதா என்று கூரையைப் பார்த்தேன். ஏணி வைத்து மேலே ஏறிக் கூரை யன்னலைச் சுற்றியுள்ள ஒட்டுப்பசை வெடித்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அலுமாரிகளைத் திறந்து முகரவில்லை. பெருவிரலால் ஒரு இடத்தைக்கூட அமத்தவில்லை. ஹோர்னை மட்டும் மூன்று தரம் அடித்துப் பார்த்தேன். நல்ல ஹோர்ன்.

"எம்.ஓ.டி போன மாதம்தான் எடுத்தது தம்பி," என்றார் அவர். எம்.ஓ.டி என்கிற வருடாந்த வாகனச் சோதனை எடுப்பவன் பிரேக்கைப் பார்ப்பான், லைட்டைப் பார்ப்பான். கூரைக்குள் ஈரம் இருந்தால் அது அவன் பாடில்லை. இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும். நாலு இருபத்தெட்டுக்குக் காசு கைமாறி, திறப்புக் கொத்து என் கைக்கு வந்தது. ராகுவை இரண்டு நிமிடத்தால் வென்றோம்.

ஓகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமைக்கு, வானையும் ஏற்றிக் கடல் கடக்கிற கப்பலில் இடம் பதிவு செய்தேன். மச்சானுக்குப் போன் போட்டு, வாசலில் பெரிய வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர், "என்ன, தேரோ?" என்று கேட்டுவிட்டு, "கெதியா வந்தால் காணும். நடந்து வந்தாலும் பரவாயில்லை," என்றார். எங்கள் வீட்டு முன்பக்கத்தில் வான் நின்றது. அக்கம்பக்கத்தார் போகும்போது பார்த்தார்கள். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று அவர்கள் பார்ப்பதைப் பார்த்தேன்.

மனைவி இரண்டு வாரத்துக்கு முன்பே சாமான் அடுக்கத் தொடங்கினாள். கட்டிலுக்கு மேலே இருந்த அலுமாரிதான் நல்ல இடம் என்று தெரிந்தெடுத்தாள். முருகனுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கை எட்டாத உயரம். வறுத்து இடித்த கறித்தூள், அண்ணரின் மனைவிக்கு ஒரு சீலை, மூன்று ஆல்பம். எங்கள் கலியாணத்திலிருந்து மகனுடைய பள்ளிக்கூடப் படம் வரை, பத்தொன்பது வருடத்தில் அண்ணர் காணாதது எல்லாம் அந்த மூன்று ஆல்பத்துக்குள் இருந்தது. இருக்கிற ஒரு கண்ணால் அவர் பார்ப்பதற்கு என்று ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்க மழை தொடங்கியது. திங்கள், செவ்வாய், புதன் என்று விடாமல் அடித்தது. ஒவ்வொரு நாளும் நான் போய் வானுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"பாத்தீரோ? வெளியிலை ஊத்துது. உள்ளுக்கை ஒரு சொட்டு?"

"ம்," என்றாள்.

வியாழக்கிழமை ஒரு ஊறுகாய்ப் போத்தல் வைக்கப் போனவள் அலுமாரியைத் திறந்தாள். கறித்தூள் பை களியாகிக் கட்டிப்பட்டிருந்தது. சீலை பின்பக்கத்தால் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. ஆல்பங்கள் சுவரோடு ஒட்டி நின்றன. இழுத்தபோது மகளின் முதலாவது பிறந்தநாள் பாதியாக உரிந்து பிளாஸ்டிக்கோடு வந்தது. கேக் இருந்தது, மகள் இல்லை. அலுமாரிக்குள்ளும் ஒரு சொட்டு விழவில்லை. பின்பலகை குடித்துக் குடித்து, தொட்டதற்கெல்லாம் பருக்கியிருக்கிறது.

அவள் மூன்று ஆல்பத்தையும் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் போய், சமையலறைத் தரையில் இருந்து தலை உலர்த்துகிற மெஷினால் ஒவ்வொரு பக்கமாகக் காயவைத்தாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுத ஆசை. உண்மையில் இரண்டும் அளவுக்கு மீறி ஓடின. ஹை ரோட்டுக் கடைக்கு ஓடி, குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கன் ஒன்பது குழாய் வாங்கினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைக்குள், வானின் கூரையில் ஏறினேன். எங்கே பூசுவது என்று தெரியாததால் எல்லா இடத்திலும் பூசினேன். எங்கெல்லாம் இரண்டு பொருள் சந்திக்கிறதோ அங்கெல்லாம் பூசினேன். கூரை யன்னலைத் திறக்க முடியாதபடி அடைத்தேன். காற்றுப் போகிற துவாரத்தை அடைத்தேன். அன்ரனாவின் அடியை அடைத்தேன். கைதவறி மீசையிலும் கொஞ்சம் அடைத்தேன். பிறகு மழைக்குப் போர்க்கிற நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்றை மேலே போர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் கயிறு கதவுக்குக் குறுக்கே போவதையும், வானின் திறப்பு உள்ளே இருப்பதையும் கண்டேன்.

மேல்மாடி யன்னலால் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ் கம் டவுன். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்து, எல்லாம் சரியா என்று விசாரித்தார். "நோ ப்ராப்ளம்," என்றேன். மீசையில் வெள்ளையாகச் சிலிக்கன் காய்ந்துகொண்டிருந்தது. அது போக மூன்று நாள் எடுத்தது.

மறுநாள் காலையில், கேம்பர் வான் திருத்துகிற ஒருவர் வந்தார். பேப்பரில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட ஆள், குறொய்டன் பக்கத்து முதியவர். படங்கை அவிழ்த்துக் கதவைத் திறந்ததும், சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் கழற்றினார். சொக்ஸில் பெருவிரல் வெளியே நின்றது. ஈரம் பார்க்கிற கையடக்கக் கருவி ஒன்றைச் சுவரில் வைத்தார். முன்பக்கத்தில் அது பேசாமல் இருந்தது. பின்பக்கம் வர வர முனகி, முருகனுக்குக் கிட்ட வந்ததும் விடாமல் கத்தத் தொடங்கியது.

"இந்தக் கனவானைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்று இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டார்.

நான் வீட்டுக்குள் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து படத்தைக் கழற்றினேன். பின்னால் சுவர்க் கடதாசியே இல்லை. படத்தின் அளவுக்குச் சதுரமாகக் கறுப்புப் பூஞ்சணம். கிழவர் பெருவிரலால் மெல்ல அமத்தினார். விரல் இரண்டாவது மொளி வரை உள்ளே போனது. விரலைச் சுவருக்குள் வைத்தபடியே திரும்பி, "சொறி," என்றார். வெளியே எடுத்தபோது பலகை பிட்டுப்போல உதிர்ந்து கட்டிலில் விழுந்தது.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. இது நேற்றைய மழை இல்லை, ஐந்தாறு வருடத்து மழை. கூரைத் தகடு சேரும் இடத்தில் பசை வெடித்தால் தண்ணீர் உள்ளே சொட்டாது. வெளித் தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவால் இறங்கும். நடுவில் இருக்கிற மரம் அதைக் குடிக்கும். கடதாசி சுருங்கும், மூலையில் மஞ்சள் கறை வரும், பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தால் மணக்கும், தரை மெத்தென்று இருக்கும். மரம் குடிக்க இடமில்லாமல் போன பிறகுதான் சொட்டும். சொட்டுக்குக் காத்திருந்தால் மிஞ்சுவது சில்லும் ஸ்டியரிங்கும்தான் என்றார்.

பிறகு ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்துவிட்டு அங்கேயிருந்தே கேட்டார்.

"இந்தச் சிலிக்கனை யார் பூசியது?"

"முன்பு வைத்திருந்தவர்," என்றேன்.

"சரியான முட்டாள். இருந்த தண்ணீர் வெளியே போகிற வழியையும் அடைத்துவிட்டான்."

"யெஸ்," என்றேன். "வெரி பிக் முட்டாள்." கடைசிச் சொல் தமிழில்தான் வந்தது. அவருக்கும் விளங்கியது. என் மீசையைப் பார்த்தார்.

பின்சுவர் ரோட்டில் நிற்காது, கப்பலுக்குக் கொண்டுபோகவேண்டாம் என்றார். காயவைக்க ஆறு வாரம், பிறகுதான் திருத்தம். உள்ளே கசிகிறது வெளியே தெரியாது என்று அவர் சொன்னதையும் மச்சானின் டொக்டர் சொன்னதையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கதவடியில் நின்ற என் மனைவி பார்த்திருப்பாள்.

ஹொலண்ட் அண்ணைக்குப் போன் போட்டேன். எழுதி வைத்து வாசிப்பதுபோல் ஏசுவதற்கு வசனங்கள் தயார் செய்திருந்தேன். விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"தம்பி, முருகனாணை நான் ஒண்டையும் மறைக்கேல்லை. நான் வாங்கேக்கையே அந்தப் படம் அந்த இடத்திலைதான் இருந்தது. அங்கை எனக்கு வித்தவரும் எங்கடை ஆள்தான். சாமி இருக்கிற இடத்தை ஏன் அசைப்பான் எண்டு விட்டிட்டன்."

"நாலு வருசம் வைச்சிருந்தனீங்கள். ஒருக்காலெண்டாலும் தூக்கிப் பாக்கேல்லையோ அண்ணை?"

"நீங்கள் பாத்தனீங்களோ?"

போனை வைத்தேன். தயார் செய்த வசனங்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன. இரண்டு நாட்டில், வானுக்கு மூன்று சொந்தக்காரர், ஒருவரும் படத்தைத் தூக்கவில்லை. முதலாவது ஆள் அதை அங்கே கொழுவியது பக்தியிலா, கறைக்காகவா என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் மனைவி சொன்னாள், "பஸ் இருக்குது."

இந்த இடத்தை எழுதும்போது நகைச்சுவை எனக்குக் கைகொடுக்கவில்லை. நான் சொன்னேன், "ஆறு கிழமைதானே. செப்டம்பரிலை திருத்தின வானிலை போவம்."

"பள்ளிக்கூடம் தொடங்கியிடும்."

"லீவு கேப்பம்."

"அப்ப நீங்கள் நில்லுங்கோ. நான் பிள்ளையளோடை பஸ்ஸிலை போட்டு வாறன்."

"அப்ப நான் உந்த வானை என்னத்துக்கு வாங்கினனான்?"

நான் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் நான் தோற்றதாகிவிடும் என்பது என் கணக்கு. யாரோடு போட்டி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது நாள் அவள், "சரி, செப்டம்பரிலை போவம்," என்றாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மீசையை வேறு தடவிக்கொண்டேன்.

செப்டம்பரில் வான் திருத்துகிற கிழவர் பக்கச் சுவரையும் திறந்தார். அதுவும் பிட்டு. இன்னும் ஆறு வாரம் என்றார். நான் ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒன்று வாங்கி, வீட்டிலிருந்து வயர் இழுத்து வானுக்குள் ஓடவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து அதன் வாளியைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு தண்ணீர் என்று மனைவிக்குக் காட்டினேன். அவள் வாளியைப் பார்த்தாள். மச்சான் வாரத்துக்கு ஒரு முறை போனில், "தேர் வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்டார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவருடைய போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பிள்ளை, மற்றச் சட்டரும் விழுந்திட்டு. சத்தமே இல்லை. முகம் கழுவிப்போட்டு நிமிந்தன், புகை மாதிரி வந்து மூடியிட்டுது."

கண்ணுக்குள் இரத்தக் குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். ஒப்பரேசன் செய்தார்கள். சரிவரவில்லை.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல், தானே விக்டோரியாவுக்குப் போய் நாலு ரிக்கற் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஆல்பங்கள் அலுமாரிக்கு மேலே இருந்தன. அவற்றை எடுக்கவில்லை.

பஸ் நல்ல பஸ். சீற் சாயும், கழிப்பறை இருந்தது, ஒரு இடமும் ஒழுகவில்லை. மறுநாள் மத்தியானம் மச்சானின் வீட்டு மாடிப்படியில் நான் பைகளோடு முதலில் ஏறினேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு கதவடிக்கு வந்தார். மெலிந்து, நான் போட்டோவில் கண்டதைவிடக் கட்டையாக இருந்தார். இரண்டு கையையும் நீட்டி, முன்னால் நின்ற முகத்தைப் பிடித்தார். அது என் முகம்.

"என்ன பிள்ளை," என்றார், "மீசையெல்லாம் வளத்திட்டாய்?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். என் மனைவிதான் எல்லோரிலும் கூடச் சிரித்தாள். பிறகு அவள் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அவர் நெற்றியிலிருந்து நாடி வரை மெதுவாகத் தடவினார்.

"மெலிஞ்சிட்டாய்," என்றார்.

அவளுடைய பதினாறு வயதில் அவர் விட்டுவந்த உடம்பைவிட இப்போது அவள் இரண்டு மடங்கு. "ஓம் அண்ணா," என்றாள்.

வான் அப்போதும் நோர்பரியில்தான் நின்றது. அடுத்த வருடம் உடைக்கிற இடத்துக்குக் கொடுத்தேன். முருகன் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறார், மாதம் ஒரு முறை கழற்றிப் பின்னால் பார்க்கிறேன். நாங்கள் ஜெர்மனிக்குப் போனது பஸ்ஸில், நவம்பரில். அந்தப் பஸ் ஓகஸ்டிலும் ஒவ்வொரு நாளும் ஓடியது. மச்சான் தன் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.